விடுபட்டவர்கள் நோட்டு: பெருந்தொற்றுக் காலத்தில் சர்வே எடுப்பது எப்படி

என் மேசையில் ஒரு 80 பக்க நோட்டு இருக்கிறது. அட்டையில் 'வி' என்று ஒற்றை எழுத்து. விடுபட்டவர்கள் என்று அர்த்தம். 2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கிச் சில வாரம் ஆகியிருந்த நேரத்தில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து போன் வழியாக சர்வே எடுக்கத் தொடங்கினேன். போனை எடுக்காதவர், எடுத்தும் பேச மாட்டேன் என்றவர், எண் மாறிப் போனவர், வீட்டுக்காரர் போனைத் தராததால் பேச முடியாதவர், எல்லோருக்கும் அந்த நோட்டில் ஆளுக்கு ஒரு வரி உண்டு. நிரப்பி முடித்த கேள்வித்தாள்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. ஆனால் அந்த ஆய்வில் என்ன தவறு என்று எனக்குக் காட்டியது இந்த நோட்டுதான்.

சுனாமி வந்த அடுத்த மாதம், 2005 ஜனவரியில், தேவனாம்பட்டினத்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனது என் முதல் வேலை. அப்புறம் 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று எங்கள் மாவட்டத்தில் எது அடித்தாலும் கேள்வித்தாளோடு போகிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். புயல் ஓய்ந்த பிறகுதான் நாங்கள் போவோம். கொரோனாவில் அப்படிக் காத்திருக்க முடியவில்லை. பசியும் கடனும் நடக்கும்போதே கேட்டால்தான் நிவாரணத்தைத் திருத்த முடியும். கேட்கப் போகிறவர் நோயை வீட்டுக்கு வீடு சுமந்து போய்விடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி வேலை செய்வது என்று எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிற பிள்ளைகளும் பொதுச் சுகாதாரம் படிக்கிற பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"கொரோனாவால் கடலூர் மாவட்ட மக்களுக்கு ஏற்பட்ட சமூகப் பொருளாதாரப் பாதிப்புகள்" என்று தலைப்பை எழுதிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அது கேள்வியே இல்லை, அதனால் பதிலும் கிடைக்காது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அரிசி வாங்கும் ரேஷன் கார்டுகளுக்கு 1000 ரூபாய் கொடுத்தார்கள். நம் வார்டில் அது எந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை, ஏன்?

கேள்வி சிறிதானதும் வேலை தானாகப் பிரியும். கார்டே இல்லாத வீடு ஒரு வகை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் பெயர் இன்னும் அப்பா கார்டிலேயே இருக்கும். இரண்டு அடுப்பு, ஒரே கார்டு. கார்டு இருந்தும் அது சர்க்கரைக் கார்டாக இருக்கிற வீடு இன்னொரு வகை. அரிசிக் கார்டு இருந்தும், வீட்டில் எழுந்து நடக்கிற ஆள் இல்லாததால் கடைக்குப் போய் வாங்க முடியாத வீடு மூன்றாவது. மூன்றும் கிடைக்காத வீடுகள்தான். ஆனால் முதலாவதை வட்ட வழங்கல் அலுவலகம் சரி செய்ய வேண்டும், இரண்டாவதற்கு அரசாணை மாற வேண்டும், மூன்றாவதைக் கடைக்காரரே சரி செய்யலாம். இப்படிப் பிரித்து எழுதிக் கொடுத்தால் அதிகாரி படிப்பார். "60 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டனர்" என்ற மாதிரி வரியை வைத்துக்கொண்டு அவர் யாருக்குக் கடிதம் போடுவார்?

2021 மே, ஜூனில் 2000, 2000 என்று இரண்டு தவணையாக 4000 ரூபாய் கொடுத்தார்கள். முந்தைய வருடம் கேட்ட அதே வீடுகளில் திரும்பக் கேட்டிருந்தால், இரண்டு முறையும் விடுபட்டவர்கள் யார் என்று தெரிந்திருக்கும். அதனால் முதல் சுற்றிலேயே "மறுபடி கூப்பிடலாமா?" என்று கேட்டு ஒப்புதல் வாங்கி வையுங்கள். பின்னால் அதை வாங்கப் போனால் பாதி எண் மாறியிருக்கும்.

நோய் எவ்வளவு பரவியது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. அதற்கு ரத்த மாதிரி, ஆய்வுக்கூடம், பெரிய குழு எல்லாம் வேண்டும். ஒரு மாணவர் தனியாகச் செய்யக்கூடியதில்லை. ஆனால் அதன் முடிவுகளைப் படிக்கத் தெரிய வேண்டும். புதுச்சேரியில் 2020 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மாதம் ஒரு முறை மூன்று சுற்றாக ரத்தப் பரிசோதனை ஆய்வு நடந்தது. தொற்று வந்து போனதற்கான அடையாளம் ரத்தத்தில் இருந்தவர்கள் முதல் சுற்றில் 4.9 சதவீதம், மூன்றாவது சுற்றில் 34.5 சதவீதம். பரிசோதனையில் உறுதியான எண்ணிக்கையைப் போல இது சுமார் 20 மடங்கு. அப்படியானால் தினமும் மாலைச் செய்தியில் நாம் பார்த்த தொற்று எண், பரிசோதனைக்குப் போனவர்களின் எண். இருபது பேரில் பத்தொன்பது பேர் அந்தப் பட்டியலில் இல்லை. அதே வருடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க 70 மாவட்டங்களில் எடுத்த ஆய்வில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோயம்புத்தூர், திருவண்ணாமலை மூன்றும்தான் இருந்தன. அந்த எண்ணை எடுத்துக் கடலூருக்கு ஒட்டவைக்காதீர்கள்.

அனுமதி

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தருகிற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரைக்கூடக் கேட்காதீர்கள். ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் அடிப்படை. கொரோனா சமயத்தில், 2020 ஏப்ரலில், நெறிமுறைக் குழுக்களுக்கென்று தனியாக ஒன்று வெளியிட்டார்கள். அவசர காலத்தில் எப்படி விரைவாகப் பரிசீலிப்பது, எழுத்தில் கையெழுத்து வாங்க முடியாதபோது என்ன செய்வது என்பதெல்லாம் அதில் உண்டு. இரண்டையும் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதினால் குழு கேட்கப் போகிற பாதிக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் இருக்கும்.

கடலூர், புதுச்சேரி இரண்டிலும் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. பாகூர் பக்கம் போனால் வயல் வரப்பைத் தாண்டும்போது மாநிலம் மாறிவிடும். முள்ளோடை செக்போஸ்ட் சாலையில் மட்டும்தான் இருக்கிறது. சொந்தபந்தமும் கூலி வேலையும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கிய அனுமதிக் கடிதம் அந்தப் பக்கம் செல்லாது. ரேஷன் கார்டும் வேறு: அங்கே சிவப்பு, மஞ்சள் என்று நிறத்தை வைத்துப் பேசுவார்கள். தமிழ்நாட்டுக் கேள்வித்தாளைக் கொண்டுபோய் "உங்களுடையது அரிசிக் கார்டா?" என்று கேட்டால் வருகிற பதிலை நம்ப முடியாது. இரண்டு பக்கத்துக்கும் தனித் தனிக் கேள்வித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பார்த்ததும் முதல் கேள்வி, "உங்க கார்டு எந்தப் பக்கம்?"

மீனவக் குப்பங்களில் இன்னொரு அனுமதியும் வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய் உட்கார்ந்து, என்ன கேட்கப் போகிறோம், எதற்கு, என்று முழுசாகச் சொல்லிவிட்டு வர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள் ஒரு வாரத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

போன் சர்வே

போன் எண் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மகளிர் குழுப் பட்டியல் என்றால் குழுவில் இல்லாத பெண்கள் வெளியே. பழைய சர்வேயிலிருந்து எடுத்தது என்றால் புதிதாகக் குடிவந்தவர்கள் வெளியே. எந்தப் பட்டியலை எடுத்தாலும் வெளியே நிற்கிறவர்கள் உண்டு. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம்தான். மற்ற வீடுகளில் நீங்கள் கூப்பிட்டால் ஆண் குரல்தான் எடுக்கும். வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் குரலுக்குத் தெரியாது.

கூப்பிடும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். மீன் விற்கப் போகிற பெண்கள் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை. ராத்திரி சீரியல் நேரத்தில் கூப்பிட்டால் பதில் எல்லாம் "ஆமா, ஆமா" என்றே வரும். ஒரே எண்ணை மூன்று வெவ்வேறு நாள், மூன்று வெவ்வேறு நேரம் கூப்பிட்ட பிறகுதான் 'எடுக்கவில்லை' என்று எழுதலாம். முதல் நாளே குழுத் தலைவி மாதிரி அவர்களுக்குத் தெரிந்த ஒருவரின் குரலில், இந்த எண்ணிலிருந்து போன் வரும் என்று வாட்ஸ்அப்பில் சொல்லி வைத்தால் எடுப்பவர்கள் கூடுகிறார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரையும் பிடித்து வைக்காதீர்கள்.

பேசத் தொடங்கியதும் "இப்ப பேச வசதியா இருக்கா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் இருக்கலாம். இதன் முக்கியம் எனக்கு ஒரு அழைப்பில் புரிந்தது.

கடலூர்க் கடற்கரையில் ஒரு குப்பம், பெயர் வேண்டாம். முப்பது வயதிருக்கும் ஒரு பெண். எட்டு நிமிடத்தில் கேள்வி முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்குக் குறை இல்லை, கடன் இல்லை, எதையும் விற்கவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம் மேடம்." பின்னால் ஒரு ஆண் இருமுகிற சத்தம், ஒரு தடவை "சொல்லு, சொல்லு" என்ற குரல். குறிப்புப் பத்தியில் 'பக்கத்தில் ஆண் குரல்' என்று எழுதி வைத்தேன். மூன்று நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது எதையும் எழுதிக்காதீங்க. இது பக்கத்து வீட்டு போனு."

"சரிம்மா, எழுதல. சொல்லு."

"காதுல கிடந்தத அடகு வெச்சுத்தான் பத்து நாளா ஓடுது. வெளிய சொன்னா மானம் போயிடும்னு அவரு நெனைக்கிறாரு. சீட்டு எங்கிட்டதான் இருக்கு, தேதி படிக்கட்டுமா?"

படித்தாள். அடகுச் சீட்டில் தேதி, எடை, தொகை எல்லாம் இருந்தது. கேள்வித்தாளில் நாங்கள் கேட்டு வாங்கிய எந்தப் பதிலும் அவ்வளவு துல்லியமாக இல்லை. அன்றைக்கு இரண்டு வழக்கங்களை எங்கள் குழுவில் ஏற்படுத்தினேன். ஒன்று, பேசி முடிக்கும்போது நம் எண்ணைக் கொடுத்து, "ஏதாவது விட்டுப் போச்சுன்னா மிஸ்டு கால் குடுங்க, நாங்க கூப்பிடுறோம்" என்று சொல்வது. இரண்டு, பக்கத்தில் ஆள் இருந்தால் கடன், அடி உதை, பசி பற்றிய கேள்விகளை அந்த அழைப்பில் விட்டுவிட்டு வேறு நாள் வைத்துக்கொள்வது. அடி உதை பற்றிய கேள்விக்கு அந்தப் பெண் வாயால் பதில் சொல்வதே ஆபத்தாக முடியலாம். அதைக் கேட்கப் பயிற்சி இல்லை என்றால் கேட்கவே வேண்டாம். பெண்கள் உதவிக்கான 181 என்ற எண்ணை மட்டும் எல்லோருக்கும் சொல்லும் எண்களோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108, குழந்தைகளுக்கு 1098, இப்போது மனநல உதவிக்கு 14416. எல்லா அழைப்பும் இந்த எண்களோடு முடிய வேண்டும்.

பசியை எப்படிக் கேட்பது

உணவுப் பற்றாக்குறையை அளக்க ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. நல்ல கேள்விகள். ஆனால் "பணமோ வேறு வசதியோ இல்லாததால் நீங்கள் சாப்பிடாமல் இருந்தது உண்டா?" என்று அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் எங்கள் ஊரில் இல்லை என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்கிற ஊர். தான் சாப்பிடவில்லை என்று யார் வாயைத் திறந்து சொல்வார்கள்?

அடுப்பிலிருந்து தொடங்குங்கள். "நேத்து எத்தனை வேளை உலை வெச்சீங்க? என்ன செஞ்சீங்க? குழம்புக்கு என்ன போட்டீங்க?" பருப்பு எப்போது நின்றது, எண்ணெய் எப்போது நின்றது என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு, "கடைசியா யாரு சாப்பிட்டாங்க? அவங்களுக்கு மிச்சம் இருந்துச்சா?" இந்தக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். காத்திருங்கள், அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். எட்டுக் கேள்விகளின் அர்த்தமும் மாறாமல் இருக்கிறதா என்று, தமிழில் எழுதியதை ஆய்வில் சேராத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

தேதியும் அப்படித்தான். "மே முதல் வாரத்தில் வருமானம் எவ்வளவு?" என்றால் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஊர் நாட்காட்டி ஒன்று தயார் செய்யுங்கள். 2020-21க்கு நான் வைத்திருப்பது இது: மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்த நாள். ஏப்ரல் தொடக்கத்தில் ரேஷனில் ஆயிரம் ரூபாய். மே முதல் வாரம் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தது. மே 7 டாஸ்மாக் திறந்து, உடனே கோர்ட்டு மூடச் சொன்னது. செப்டம்பர் 1 மாவட்டம் விட்டு மாவட்டம் இ-பாஸ் இல்லாமல் போகலாம் என்றானது. நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல். 2021 ஏப்ரல் 6 ஓட்டுப் போட்டது. "கோயம்பேட்டு ஆளுங்க வந்தப்ப உங்களுக்கு வேலை இருந்துச்சா?" என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். ஆண்களுக்கு டாஸ்மாக் தேதி நன்றாக வேலை செய்கிறது. பெண்களுக்கு ரேஷனும் குழுக் கடன் தவணையும்.

எடுக்காத எண்ணை என்ன செய்வது

2020இல் அந்த போன் சர்வேயை எங்களுக்குக் கொடுத்தது வெளியூர் நிறுவனம் ஒன்று. இரண்டாவது நாளே ஒரு உத்தரவு வந்தது: எடுக்காத எண்ணை விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள், எண்ணிக்கை முடிய வேண்டும். ஒரு வாரம் நாங்களும் அப்படியே செய்தோம். எண்ணிக்கை முடிந்தது, அறிக்கை வந்தது, பெரும்பாலான குடும்பங்கள் சமாளித்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். எத்தனை எண்ணைக் கூப்பிட்டோம், எத்தனை பேர் எடுக்கவில்லை என்பது அதில் எங்கேயும் இல்லை. நான் அனுப்பிய விடுபட்டவர் பட்டியலுக்கு ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. அந்த அறிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

செப்டம்பரில் போக்குவரத்து திறந்ததும் 'வி' நோட்டை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளைத் தேடிப் போனேன். திரும்பத் திரும்பக் கேட்ட பதில், "ரீசார்ஜ் போட காசில்ல." கையில் பணம் இல்லாததால் போன் செத்துக் கிடந்த வீடுகள் அவை. நாங்கள் தேடிய பதில் அங்கேதான் இருந்தது. போன் வேலை செய்கிற வீடுகளாகப் பார்த்துப் பேசிவிட்டு, ஊர் சமாளித்துவிட்டது என்று எழுதியிருக்கிறோம்.

அதனால் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். எடுக்காத எண்ணுக்குப் பதிலாக இன்னொரு எண்ணைப் போடாதீர்கள். தொடக்கத்திலேயே கூடுதலாக எடுத்து வையுங்கள்: 400 பேர் வேண்டும் என்றால், எவ்வளவு பேர் எடுக்காமல் போவார்கள் என்று முதல் ஐம்பது அழைப்பில் பார்த்துவிட்டு, அதற்கேற்பப் பட்டியலைப் பெரிதாக்கி, எல்லோரையும் மூன்று முறை கூப்பிடுங்கள். (400 என்பது மந்திர எண் இல்லை. பாதிக்குப் பாதி இருக்கும் ஒரு விஷயத்தை ஐந்து சதவீதம் முன்பின்னாக அளக்க, 4 பெருக்கல் 50 பெருக்கல் 50, அதை 25ஆல் வகுத்தால் வருவது. சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து அதற்குள் வீடு எடுக்கிறீர்கள் என்றால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள். அதனால் வழக்கமாக அந்த 400ஐ இரண்டு மடங்காக்குவோம்.) கிடைக்காதவர்களில் குலுக்கல் முறையில் சிலரை எடுத்து, வழி திறந்ததும் நேரில் போய்க் கேளுங்கள். அவர்கள் பதில் மற்றவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

நேரில் போகும்போது

வீட்டுக்குள் போகாதீர்கள். திண்ணை, வேப்பமர நிழல், கோயில் வாசல் எதுவானாலும் காற்றோட்டமாக இருக்கட்டும். முகக்கவசம் உங்களுக்கும் அவர்களுக்கும் கொண்டுபோங்கள். வயதானவர்கள் இருக்கிற வீட்டைக் காலையில் முதலில் முடியுங்கள். தொற்று இருக்கிற வீட்டுக்கு போன் மட்டும். ஜீப்பில் போய் வாசலில் நிறுத்தாதீர்கள். 2020இல் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, தெருவில் தகரம் அடித்ததைப் பார்த்த ஜனங்கள். வண்டி நின்ற வீட்டில் நோய் என்று அரை மணி நேரத்தில் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். தெருமுனையில் இறங்கி நடந்து போங்கள்.

சர்வே எடுக்கிறவர்களுக்கு ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள். காய்ச்சல் அடித்தாலும் வேலைக்கு வருவார்கள், வேறு வழி இருக்காது. நாள் கூலியாகக் கொடுத்து, காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். எந்த ஆய்வுத் திட்டத்திலும் நான் முதலில் பார்ப்பது இந்தப் பட்ஜெட் வரியைத்தான். கிராம சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடி ஊழியரையும் கேள்வி கேட்க அனுப்ப வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. தவிர, தடுப்பூசி போடுகிற அம்மா கேட்டால் ஜனங்கள் அவருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள்.

இறப்பைக் கேட்பது

இதை அவசரமாகச் சொல்ல முடியாது. நம் நாட்டில் இறப்பு, நடந்த இடத்தில் பதிவாகிறது. இறந்தவரின் சொந்த ஊரில் பதிவாவதில்லை. கடலூர்க்காரர் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு புதுச்சேரிப் பக்கம். கடலூர் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் இருக்கிற பதிவேட்டை மட்டும் எண்ணிவிட்டு, இந்த ஊரில் இத்தனை பேர் என்று எழுதினால், ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்தவர்கள் எல்லோரும் விட்டுப்போவார்கள். 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. ஊரடங்கில் அது எவ்வளவு தள்ளிப்போனது என்று பதிவுத் தேதியையும் இறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2021 கடைசி வரை இந்தியாவின் அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம் கொரோனா இறப்பு. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், அந்த இரண்டு வருடத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்த இறப்புகள் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. இந்த வாதத்தில் உங்கள் ஆய்வு தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு ஊரில், ஒரு வருடத்தில் நடந்த எல்லா இறப்பையும், எந்தக் காரணமானாலும், பெயர் சொல்லிக் கணக்கெடுத்து, முந்தைய மூன்று வருடத்தோடு ஒப்பிட முடியும். அதற்கு ஒரு மாணவரும் ஒரு சைக்கிளும் போதும். கொரோனா இறப்புக்கு 50,000 ரூபாய் நிவாரணம் இருந்தது. சான்றிதழில் வேறு காரணம் எழுதப்பட்டதால் அதற்கு விண்ணப்பிக்காத வீடுகளை அப்படிப் போகும்போது பார்ப்பீர்கள். அவர்களுக்கும் நோட்டில் ஒரு வரி.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன் துக்க வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். போனதும் படிவத்தை எடுக்காதீர்கள். இறந்தவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், 'கேஸ்' என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக் கூடாது. காய்ச்சல் எப்போது வந்தது, மூச்சு எப்போது வாங்கியது, எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போனார்கள், எத்தனை இடத்தில் படுக்கை இல்லை என்றார்கள் என்று அவர்கள் சொல்கிற வரிசையிலேயே கேட்டுக்கொண்டு, படிவத்தைத் தெருவில் வந்து நிரப்புங்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். வெளியூர்ப் பிள்ளைகள் பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

எழுதுவது, திருப்பிக் கொடுப்பது

பெயர், எண் உள்ள தாள் ஒரு இடம். பதில்கள் வேறு இடம். எக்செல்லில் இரண்டும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. ஆதார் எண் கேட்கவே வேண்டாம்.

ஊர்ப் பெயரை எழுதுமுன் இரண்டு முறை யோசியுங்கள். 2020 மேயில் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பிய கூலித் தொழிலாளர்களால் கடலூரில் தொற்று எண்ணிக்கை ஏறியபோது, மாவட்டம் முழுக்க அவர்கள் பெயரே 'கோயம்பேடு' என்று ஆகிவிட்டது. மூட்டை தூக்கப் போய், வேலை போய், சரக்கு லாரியில் ஊர் திரும்பியவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தபோது சொந்த ஊர்க்காரர்களே கிட்டப் போகவில்லை. அறிக்கையில் ஒரு குப்பத்தின் பெயர் வந்தால் அடுத்த தொற்றில் அந்தக் குப்பத்துக் கூடையிலிருந்து யாரும் மீன் வாங்க மாட்டார்கள். அதனால்தான் மேலே பெயர் சொல்லவில்லை.

அதிகாரிக்கு இரண்டு பக்கம் போதும், இரண்டு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பத்திரிகைக் கட்டுரை பிறகு வரட்டும். ஊருக்குத் தமிழில் ஒரு பக்கம். அதை ஒட்டிவிட்டு வந்துவிடாமல், உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

அந்தக் குப்பத்தில் நாங்கள் படித்துக் காட்டியது 2020 அக்டோபரில். ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம், வழக்கமாக 61 நாள், அந்த வருடம் மே 31 வரை என்று குறைத்தார்கள். "தடைக்காலத்தில் மீனவர்களுக்கு எப்படியும் வருமானம் இல்லை என்பதால் ஊரடங்கின் இழப்பு மார்ச் 25 முதல் ஏப்ரல் 14 வரை மட்டுமே" என்று எழுதியிருந்தோம். கணக்குச் சரி என்றுதான் நினைத்தோம். அடகுச் சீட்டைப் படித்த பெண் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள்.

"அது விசைப்படகுக்காரங்களுக்கு அக்கா. எங்களுது ஃபைபர் போட்டு. தடை எங்களுக்குக் கிடையாது. பெரிய போட்டெல்லாம் நிக்கிற அந்த ரெண்டு மாசந்தான் எங்க மீனுக்கு வெலை. வருசத்துக் கடனையே அப்பத்தான் அடைப்போம். இந்த வருசம் ஐஸ் இல்ல, யாவாரி வரல."

ஒரே ஊரில், ஒரே ஊரடங்கில், இரண்டு வகைப் படகுக்கு இரண்டு வகை இழப்பு. எங்கள் கேள்வித்தாளில் 'மீனவர்' என்று ஒரே கட்டம்தான் இருந்தது. அங்கேயே அந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டினோம். அடுத்த வாரம் விசைப்படகு, ஃபைபர் படகு, கரையில் மீன் விற்பவர் என்று மூன்று கட்டம் போட்டு, மறுபடி முதல் வீட்டிலிருந்து கேட்கத் தொடங்கினோம்.